புற்றுநோய்: வருமுன் ஒரு சாப்பாடு, வந்தபின் வேறு சாப்பாடு – குடும்பங்களுக்கான முழு வழிகாட்டி

என் அத்தைக்குக் கன்னத்தின் உட்புறத்தில் புற்றுநோய் என்று தெரிந்த அன்று எடை 58 கிலோ. சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே, ஐந்தே வாரத்தில், 52 ஆகிவிட்டது. நோய்தான் உள்ளே பரவுகிறது என்று வீடே நடுங்கிப்போனது. மருத்துவமனையில் உணவு ஆலோசகர் எங்களை உட்கார வைத்து, இந்த ஐந்து வாரமும் என்ன கொடுத்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சர்க்கரை புற்றுநோயை வளர்க்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததால் சர்க்கரை கிடையாது. பால் ஆகாது என்று சித்தப்பா சொன்னதால் பாலும் தயிரும் கிடையாது. முட்டை சூடு. சோறு சர்க்கரையாக மாறிவிடும். மிச்சம் இருந்தது காய்கறிச் சாறும் முளைகட்டிய பயறும். வாய் முழுக்கப் புண்ணோடு இருந்தவருக்குப் பச்சைப் பயறு! அவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "நோய் இவங்களை இன்னும் இளைக்க வைக்கலை. நீங்கதான் இளைக்க வச்சிருக்கீங்க."

நாங்கள் செய்த தவறு இதுதான். நோய் வராமல் இருக்கச் சாப்பிட வேண்டிய முறை ஒன்று. வந்த பிறகு சிகிச்சையைத் தாங்கச் சாப்பிட வேண்டிய முறை வேறொன்று. பல இடங்களில் இரண்டும் நேர் எதிர். அன்பினாலேயே இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம். அதனால் இந்த வழிகாட்டியையும் இரண்டு பகுதியாக எழுதியிருக்கிறேன். வீட்டில் யாருக்கும் நோய் இல்லையென்றால் முதல் பகுதி உங்களுக்கு. இருக்கிறது என்றால் நேராக இரண்டாம் பகுதிக்குப் போங்கள்.

முதல் பகுதி: வருமுன்

படி 1: சாப்பாட்டால் எவ்வளவு முடியும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

புற்றுநோய்களில் 30 முதல் 50 சதவீதம் வரை தடுக்கக்கூடியவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இந்தக் கணக்கில் புகையிலை, மது, சில தொற்றுகள், உடல் பருமன், உழைப்பில்லாத வாழ்க்கை, சாப்பாடு எல்லாமே சேர்த்தி. ஆக, சாப்பாடு ஒரு பங்கு. முழுப் பங்கு அல்ல. நன்றாகச் சாப்பிட்டு, எந்தக் கெட்ட பழக்கமும் இல்லாதவர்களுக்கும் புற்றுநோய் வருகிறது. அப்படி வந்தவரிடம் போய் "என்ன சாப்பிட்டீங்க?" என்று விசாரிக்காதீர்கள். அந்தக் கேள்வி அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது மாதிரி.

சாப்பாட்டின் பலன் பத்து இருபது வருடப் பழக்கத்தில் கிடைப்பது. ஒரு வாரம் கோதுமைப்புல் சாறு குடிப்பதில் கிடைப்பது அல்ல.

படி 2: முதலில் வாயிலிருந்து எடுக்க வேண்டியதை எடுங்கள்

எதைச் சேர்ப்பது என்று எல்லோரும் கேட்கிறார்கள். எதை விடுவது என்பதுதான் பெரிய விஷயம்.

புகையிலை பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பீடி, சிகரெட், ஹான்ஸ், குட்கா எல்லாம் ஒரே கணக்கு. ஆனால் பாக்கு பற்றிச் சொல்ல வேண்டும். என் அத்தை நாற்பது வருடம் வெற்றிலை போட்டவர். "புகையிலையைத் தொட்டதே இல்லை, வெறும் பாக்குதானே" என்று பெருமையாகச் சொல்வார். எங்களுக்கும் அது சரியென்றே பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-லேயே, புகையிலை கலக்காத பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதி செய்து முதல் பிரிவில் வைத்துவிட்டது. இருபது வருடத்துக்கு மேலாகியும் நம் வீடுகளுக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை. பந்தி முடிந்ததும் தாம்பூலத் தட்டு வருகிறது. குழந்தைகள் கையில் வாசனைப் பாக்குப் பொட்டலம் இருக்கிறது.

பாக்கு வாயின் உட்சதையை நார்நாராக இறுக வைக்கும். கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து, உங்களுடைய மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் செங்குத்தாக அடுக்கி உள்ளே விட்டுப் பாருங்கள். நுழையவில்லை, காரம் பட்டால் எரிகிறது, உள்கன்னம் வெளுத்துத் தடித்திருக்கிறது என்றால் பல் மருத்துவரிடம் போக வேண்டிய நேரம் அது. அத்தைக்கு அறிகுறி தெரிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. "வயசானா வாய் அப்படித்தான்" என்று விட்டுவிட்டோம்.

அடுத்தது மது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களுக்கு மார்பகம் என்று ஏழு இடத்துப் புற்றுநோயோடு அதற்குத் தொடர்பு உறுதியாகியிருக்கிறது. பீரா, பிராந்தியா, ஒயினா என்பதில் வேறுபாடு இல்லை. கெடுப்பது உள்ளே இருக்கும் எத்தனால். உடல் அதை அசிட்டால்டிஹைடாக மாற்றுகிறது. அது மரபணுவைச் சிதைக்கிறது. குடிக்கும்போதே புகைப்பவருக்கு வாய், தொண்டைப் பகுதியில் ஒன்றின் ஆபத்தை மற்றொன்று பெருக்கிவிடும்.

படி 3: தட்டை மாற்றுங்கள்

நம் சாப்பாட்டில் பெரிய குறை சோற்றின் அளவுதான். ஒரு மலை சோறு, ஒரு கரண்டி பொரியல். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டி, பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தானியம் 250 கிராம், காய்கறியும் கீரையும் சேர்த்து 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு வகை 85 கிராம் என்று வகுத்திருக்கிறது. 400 கிராம் காய் என்றால் எவ்வளவு? வாங்கிய காயைத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒரு நடுத்தரக் கத்தரிக்காய், ஒரு கேரட், கைப்பிடி அவரை, ஒரு தக்காளி, அரைக்கட்டு அரைக்கீரை. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் காய் வேண்டும். எங்கள் வீட்டில் அதுவரை வாங்கிக்கொண்டிருந்தது அரைக்கிலோ.

இதில் முக்கியமாக வேலை செய்வது நார்ச்சத்து. மலம் குடலில் தேங்கும் நேரத்தை அது குறைக்கிறது. குடலில் உள்ள நல்ல கிருமிகள் நாரை நொதிக்க வைத்து உண்டாக்கும் பியூட்டிரேட் என்ற அமிலம் குடல் உட்சுவருக்கு உணவாகிறது. பெருங்குடல் புற்றுநோய்க்கு எதிராக முழுத் தானியமும் நாரும் பாதுகாப்பு என்பதற்குச் சான்று வலுவாக இருக்கிறது. இதற்கு விலை உயர்ந்த விதைகள் எதுவும் தேவையில்லை. கேழ்வரகுக் களி, கம்பங்கூழ், கொண்டைக்கடலைச் சுண்டல், தட்டப்பயறுக் குழம்பு, கொய்யாப்பழம், முருங்கைக்கீரை போதும். கொய்யாவை விதையோடு சாப்பிடுங்கள். சாறு பிழிந்து சக்கையைத் தூக்கிப்போட்டால் போவது நார்தான்.

நடைமுறைக்கு ஒரு வழி சொல்கிறேன். முதல் மாதம் சோற்றைக் குறைக்க வேண்டாம். காயைத் தட்டில் முதலில் வையுங்கள், அதுவும் இரண்டு வகை. பாதிக் காயைச் சாப்பிட்ட பிறகு சோறு போடுங்கள். சோறு தானாகக் குறையும். இரண்டாவது மாதம், காலை உணவில் வாரம் மூன்று நாள் சிறுதானியம். மூன்றாவது மாதம், மாலை நேரத்து மிக்சர், முறுக்குக்குப் பதிலாகச் சுண்டல். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் வயிறு உப்பும், வீட்டிலும் கலகம் வரும்.

"காயெல்லாம் மருந்தடிச்சது, அதைச் சாப்பிட்டுத்தான் புற்றுநோயே வருது" என்பவர்கள் இருக்கிறார்கள். பயம் புரிகிறது. ஆனால் அதற்காகக் காயைக் குறைப்பது கெடுதலைக் கூட்டும். ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள், முட்டைக்கோஸின் வெளி இலைகளை எடுத்துவிடுங்கள், ஒரே காயைத் தினமும் வாங்காமல் மாற்றி மாற்றி வாங்குங்கள்.

இறைச்சி: ஆட்டுக்கறி, மாட்டுக்கறி, பன்றிக்கறி ஆகிய சிவப்பு இறைச்சியைச் சமைத்த எடையில் வாரத்துக்கு அரைக்கிலோவுக்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கறி எடுக்கும் வீடுகளுக்கு இதில் பயமில்லை. சாசேஜ், சலாமி, பேக்கன் போன்ற பதப்படுத்திய இறைச்சிதான் சிக்கல். தினம் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து சுமார் 18 சதவீதம் கூடும் என்று அதே புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015-ல் அறிவித்தது. குழந்தைகளின் டிபன் பாக்ஸுக்குள் இது நுழைந்துகொண்டிருக்கிறது, கவனியுங்கள்.

படி 4: அடுப்படியை ஒருமுறை சோதியுங்கள்

ஒரு ஞாயிறு காலையில் டப்பாக்களைத் திறந்து பாருங்கள்.

வேர்க்கடலையிலிருந்து தொடங்குங்கள். சுருங்கியது, கறுத்தது, பச்சையாகப் பூத்தது, வாயில் போட்டால் கசப்பது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். அதில் வளரும் பூஞ்சை அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைக் கக்குகிறது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்துவிழுந்தன. தீவனத்தில் கலந்திருந்த கடலைப் பிண்ணாக்கைச் சோதித்தபோதுதான் இந்த நஞ்சு பிடிபட்டது. கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. மக்காச்சோளம், மிளகாய் வற்றல், கொப்பரை இவற்றிலும் வரும். "பூஞ்சையைத் தட்டிவிட்டு வெயிலில் காயப்போட்டால் சரியாகிடும்" என்பது நம் பாட்டிகளின் சிக்கனம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அதைப் பின்பற்ற வேண்டாம். மழைக்காலத்தில் கொஞ்சமாக வாங்கி, காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள்.

அடுத்து உப்பு. அதிக உப்பு இரைப்பையின் உட்சவ்வை அரிக்கிறது. அங்கே ஹெலிகோபாக்டர் கிருமியும் இருந்துவிட்டால் இரைப்பைப் புற்றுநோய்க்கு வழி எளிதாகிறது. ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி. குழம்பு, ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் சேர்த்துத்தான் இந்த அளவு. ஊறுகாயையும் கருவாட்டையும் அடியோடு விடச் சொல்லவில்லை. தினம் தொட்டுக்கொள்வதை வாரத்துக்கு ஒருநாளாக ஆக்குங்கள். கருவாட்டை இரண்டு முறை வெந்நீரில் ஊறவைத்துக் கழுவினால் உப்பு கணிசமாக இறங்கும்.

பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள். கறுத்து, நுரைத்து, பிசுபிசுவென்று ஆன எண்ணெய் வேண்டவே வேண்டாம். ஒருமுறை பொரித்ததை வடிகட்டி இரண்டு நாளுக்குள் தாளிப்புக்குப் பயன்படுத்தித் தீர்த்துவிடுங்கள். கறியையோ மீனையோ தீயில் கருக விட்டால் கருகிய பகுதியைச் சுரண்டிவிட்டுச் சாப்பிடுங்கள். குழம்பாக வைப்பதில் இந்தத் தொல்லை இல்லை.

கடைசியாக, காபி, டீயின் சூடு. 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பது உணவுக்குழாய்க்கு ஆகாது. டபராவில் இரண்டு ஆற்று ஆற்றிக் குடிக்கும் நம் வழக்கமே போதும்.

படி 5: இடுப்பை அளந்து பாருங்கள்

உடல் பருமனோடு தொடர்புள்ள புற்றுநோய்கள் 13 என்று எண்ணியிருக்கிறார்கள். மாதவிடாய் நின்ற பிறகு வரும் மார்பகப் புற்றுநோய், கருப்பை உட்சுவர், பெருங்குடல், கணையம் எல்லாம் அதில் உண்டு. கொழுப்புத் திசு சும்மா கிடப்பதில்லை. ஈஸ்ட்ரோஜன் சுரக்கிறது, இன்சுலினை ஏற்றுகிறது, உள்ளுக்குள் ஓயாத அழற்சியை வளர்க்கிறது. தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து அளந்தால் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். தினமும் அரைமணி வேகநடை. இனிப்பு போட்ட குளிர்பானத்தை விடுங்கள்.

படி 6: அதிசய மருந்துகளிடம் ஏமாறாதீர்கள்

முள் சீத்தாப்பழம் கீமோதெரபியை விடப் பல்லாயிரம் மடங்கு வலிமையானது என்ற செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். மனிதர்களிடம் அது புற்றுநோயைக் குணப்படுத்தியதற்கு நிரூபணம் இல்லை. மாறாக, அதில் உள்ள அனோனாசின் என்ற பொருள் நரம்புகளைப் பாதிக்கக்கூடியது. மஞ்சள் குழம்பில் போடும் அளவுக்கு நல்லது. மாத்திரையாகக் கிராம் கணக்கில் விழுங்கினால் சிலருக்குக் கல்லீரல் கெடும்.

சத்து மாத்திரைக் கதை ஒன்று உண்டு. மஞ்சள், ஆரஞ்சு நிறக் காய்களைச் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருப்பதைப் பார்த்து, அதிலுள்ள பீட்டா கரோட்டினை மட்டும் பிரித்து மாத்திரையாக்கி ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்குக் கொடுத்தார்கள். 1994-ல் முடிவு வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். கேரட்டில் இருப்பது நன்மை செய்கிறது. மாத்திரையில் அதே பொருள் புகைபிடிப்பவர்களைக் கெடுத்தது. சத்தை மருந்துக்கடையில் தேடாமல் காய்கறிக் கடையில் தேடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

படி 7: சாப்பாடு செய்ய முடியாததைப் பரிசோதனை செய்யும்

30 வயது தாண்டிய பெண்கள் கருப்பைவாய், மார்பகப் பரிசோதனையும், எல்லோருமே வாய்ப் பரிசோதனையும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்துகொள்ளலாம். பெண் குழந்தைகளுக்கு ஹெச்பிவி தடுப்பூசி, பிறந்த குழந்தைக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. கருப்பைவாய்க்கும் கல்லீரலுக்கும் இவற்றைப் போன்ற பாதுகாப்பு எந்தக் கீரையிலும் இல்லை. மூன்று வாரமாக ஆறாத வாய்ப்புண், மலத்தில் ரத்தம், விழுங்கச் சிரமம், மார்பில் கட்டி, காரணமில்லாமல் எடை குறைவது: இவற்றைக் கைவைத்தியம் பார்த்துத் தள்ளிப்போடாதீர்கள்.

இரண்டாம் பகுதி: வந்தபின்

படி 8: முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை

ஒரு நீளமான நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் நோயாளியின் ரத்தப் பிரிவு, ஒவ்வாமை, ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகள். அடுத்த பக்கங்களில் தேதிவாரியாக டாக்டர் சொன்னது, அடுத்து கேட்க வேண்டிய கேள்விகள், எடை. டாக்டர் அறைக்குள் இருக்கும்போது பாதி காதில் விழாது. எழுதுவதற்கென்றே ஒருவர் கூடப் போங்கள். எங்கள் வீட்டில் அத்தை மகள் எழுதினாள். அந்த நோட்டு இல்லாவிட்டால் மூன்றாவது கீமோவின்போது எடை மறுபடி இறங்குவதைக் கவனித்திருக்க மாட்டோம்.

நோயாளியிடம் சொல்வதா வேண்டாமா என்ற பேச்சு எல்லா வீட்டிலும் வரும். "கட்டி இருக்கு, சின்ன ஆபரேஷன்" என்று அத்தையிடம் பத்து நாள் மறைத்தோம். பதினோராவது நாள் மருத்துவமனைப் பெயர்ப்பலகையை அவரே எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டார். அன்று அழுதது நோய்க்காக அல்ல, "எல்லாரும் சேர்ந்து என்னை ஏமாத்திட்டீங்களேடா" என்றுதான். மொத்தமாகக் கொட்ட வேண்டியதில்லை. "உங்களுக்கு எவ்வளவு தெரிஞ்சுக்கணும்?" என்று கேட்டு, கேட்ட அளவுக்கு உண்மையைச் சொல்லுங்கள். குழந்தைகளிடமும் "பாட்டிக்குப் புற்றுநோய், மருந்து கொடுக்கறாங்க, இது ஒட்டிக்காது, உன்னால வரலை" என்று சொல்லிவிடுங்கள்.

ஒட்டிக்காது என்பதைப் பெரியவர்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. தட்டு, டம்ளர், துணி எதையும் ஒதுக்கி வைக்க வேண்டாம். ஊசி போட்டுச் சதை எடுத்தால் பரவிவிடும் என்பதை நம்பி பயாப்ஸியைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

படி 9: சிகிச்சைக் காலத்துச் சாப்பாடு

இங்கே விதி தலைகீழாகிறது. நார், கீரை, பச்சைக்காய் எல்லாம் பின்னால் போகும். புரதமும் கலோரியும் முன்னால் வரும். இந்த நேரத்தில் எடையைக் காப்பாற்றுவதுதான் உணவின் வேலை. எடை விழுந்தால் மருந்தின் அளவைக் குறைக்க வேண்டிவரும், கதிர்வீச்சை இடையில் நிறுத்த வேண்டிவரும், அறுவைப் புண் ஆறாது.

சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்காது. நாம் சாப்பிடாவிட்டால் உடல் தன் தசையைக் கரைத்துக் குளுக்கோஸ் செய்துகொள்ளும். பட்டினி கிடப்பது நோயாளிதான். சர்க்கரை நோய் இருந்தால் மட்டும் அந்தக் கணக்கை டாக்டரோடு பேசிக்கொள்ளுங்கள்.

சிறுநீரகத்தில் கோளாறு இல்லாதவருக்குப் புரதம் ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை. 52 கிலோ அத்தைக்கு ஒரு நாளைக்கு 62 முதல் 78 கிராம் தேவைப்பட்டது. இரண்டு முட்டை 12 கிராம், அரை லிட்டர் பால் 16, ஒரு கிண்ணம் தயிர் 7, இரண்டு கைப்பிடிப் பருப்பு 14, ஒரு கைப்பிடி வறுகடலைப் பொடி 7. இட்லி, சோறு, கஞ்சியில் வருவது மீதி. மீனும் கோழியும் சாப்பிடுகிறவர்களுக்கு இது எளிது, நூறு கிராமில் இருபது கிராமுக்கு மேல் வந்துவிடும்.

ஆனால் கணக்கு காகிதத்தில் இருக்கும், சாப்பாடு தொண்டையில் இறங்க வேண்டுமே. கீமோ தொடங்கிய இரண்டாவது வாரம், கேழ்வரகுக் கஞ்சியை எவர்சில்வர் டம்ளரில் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "இரும்பை நக்குற மாதிரி இருக்குடா" என்று முகத்தைச் சுளித்தார். பாத்திரத்தை மாற்றச் சொன்னார்கள். பீங்கான் கோப்பையும் ஒரு மரக்கரண்டியும் வாங்கினோம். அதே கஞ்சியை ஆறவைத்து, வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து, ஒரு கரண்டி பால்பவுடரும் நெய்யும் கலந்து கொடுத்ததும் அரைக் கோப்பை இறங்கியது. நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்ட இன்னும் சில:

மூன்று வேளைச் சாப்பாட்டை மறந்துவிடுங்கள். இரண்டு மணிக்கு ஒருமுறை, உள்ளங்கை அளவு தட்டில். பெரிய தட்டைப் பார்த்தாலே அவர்களுக்கு மலைப்பாக இருக்கும்.

தாளிப்பு வாசனை குமட்டலைக் கிளப்பும். அவர் எழுவதற்கு முன்போ வெளியே காற்றாட உட்கார்ந்திருக்கும்போதோ தாளித்துவிடுங்கள். ஆறிய உணவில் வாசனை குறைவு. வாந்தி மாத்திரையை டாக்டர் சொன்ன நேரத்தில், பெரும்பாலும் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால், கொடுங்கள். வாந்தி வந்தபிறகு கொடுத்தால் மாத்திரையும் வெளியே வந்துவிடும்.

கீமோ நாளன்று அவருக்கு மிகவும் பிடித்த பண்டத்தைச் செய்யாதீர்கள். வாந்தியோடு அந்தச் சுவை மனதில் ஒட்டிக்கொண்டு, பிறகு வாழ்நாள் முழுக்க அதைத் தொடமாட்டார். அத்தைக்கு ரவா கேசரி அப்படித்தான் போயிற்று.

வாய்ப்புண்ணுக்கு, காய்ச்சி ஆறவைத்த ஒரு டம்ளர் தண்ணீரில் கால் தேக்கரண்டி சமையல் சோடாவும் ஒரு சிட்டிகை உப்பும் கலந்து, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் கொப்பளிக்கலாம். காரம், புளி, எலுமிச்சை, முறுக்கு எல்லாம் தள்ளி வையுங்கள். குழைந்த பருப்புச் சோறு நெய்யோடு, மசித்த வாழைப்பழம், இடியாப்பம் பாலோடு, மிருதுவான முட்டைப் பொடிமாஸ், குளிர்ந்த பாயசம் எல்லாம் இறங்கும்.

ரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் கிருமிதான் பகை. அப்போது பழைய சோறு, சாலட், முளைகட்டிய பயறு, அரைவேக்காட்டு முட்டை, வெளியில் விற்கும் சாறு, நறுக்கி வைத்த பழம் எதுவும் வேண்டாம். சுடச்சுடச் சமைத்தது, தோலுரிக்கும் பழம், கொதித்து ஆறிய தண்ணீர். நல்ல நாளில் நாம் புகழும் பழைய சோறும் முளைப்பயறும் இந்த நாட்களில் ஆபத்து. காய்ச்சல் 100.4 ஃபாரன்ஹீட் தொட்டால் பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், இரவு இரண்டு மணியானாலும் மருத்துவமனைக்குப் போங்கள். இதை மட்டும் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

கஷாயம், லேகியம், மூலிகைப் பொடி எது கொடுப்பதானாலும் முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். திட்டுவார் என்று மறைத்தால், மருந்தோடு மோதி கல்லீரல் கெட்டபிறகு காரணம் கண்டுபிடிக்கவே நாளாகும். பம்பளிமாஸ் பழம்கூடச் சில மருந்துகளோடு சேராது.

வாயால் முடியாமல் மூக்கு வழியாகக் குழாய் போட்டுவிட்டால் குடும்பம் உடைந்துபோகிறது, இனி அவ்வளவுதான் என்று. எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்தக் குழாய் வழியாகத்தான் அத்தையின் எடை ஏறியது. வடிகட்டிய கஞ்சி, பால், வேகவைத்து அடித்த முட்டை எல்லாம் அதில் போகும். எப்படித் தயாரிப்பது, எவ்வளவு நேரம் தலையை உயர்த்தி வைப்பது என்பதைச் செவிலியரிடம் ஒருமுறை அவர் முன்னாலேயே செய்து காட்டிக் கற்றுக்கொள்ளுங்கள்.

படி 10: பணம்

நகையை அடகுக்கடைக்குக் கொண்டுபோகும் முன் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதார் மூன்றோடும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்துக்குப் போக வேண்டும். சேரும் மருத்துவமனை திட்டத்தில் உள்ளதா என்று சேர்வதற்கு முன்பே கேளுங்கள்.

சிகிச்சைக்காகப் போகும் ரயில் பயணத்தில் நோயாளிக்குப் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டியிலும் கட்டணம் முழுதாகத் தள்ளுபடி, துணைக்குப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம். மருத்துவமனையில் அதற்கான சான்றிதழ் தருவார்கள். எங்களுக்கு இது தெரியவந்தபோது ஏழு முறை போய்வந்துவிட்டோம்.

படி 11: பார்த்துக்கொள்பவரைப் பார்த்துக்கொள்ளுங்கள்

எல்லா வீட்டிலும் ஒரு பெண் தலையில்தான் மொத்தமும் விழுகிறது. எங்கள் வீட்டில் அத்தை மகள். நான்கு மாதத்தில் அவளும் ஆறு கிலோ இளைத்திருந்தாள். யாரும் எடை பார்க்கவில்லை. வேலையை எழுதிப் பிரியுங்கள்: மருத்துவமனைக்கு ஒருவர், சமையலுக்கு ஒருவர், பணம், காகிதங்களுக்கு ஒருவர், உறவினர் போன்களுக்குப் பதில் சொல்ல ஒருவர். வெளியூரில் இருப்பவர் கடைசி இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம். வாரத்துக்கு ஒரு முழு இரவு பார்த்துக்கொள்பவர் வேறு வீட்டில் தூங்கட்டும்.

வலி பொறுக்க வேண்டிய ஒன்றல்ல. வலி நிவாரணச் சிகிச்சை என்றாலே கடைசிக் கட்டம் என்று நினைத்துப் பலர் கேட்பதில்லை. நோயின் எந்தக் கட்டத்திலும் கேட்கலாம். மார்ஃபின் மாத்திரையை டாக்டர் சொன்ன அளவில் வலிக்குக் கொடுத்தால் அடிமையாகிவிடுவார் என்று பயப்பட வேண்டாம். மலச்சிக்கல் வரும், அதற்குச் சேர்த்து மருந்து கேளுங்கள்.

படி 12: பிறருக்குத் துணை நிற்பது

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அந்தத் துக்கத்தைப் பல வருடம் மனதில் வைத்திருந்து, பெண்கள் சங்கத்தைத் திரட்டி, ஊர் ஊராகப் பணம் கேட்டு, 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அன்று இருந்தவை 12 படுக்கைகள். அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், அடுத்த வருடம் வந்து சேர்ந்து 2021-ல் மறையும் வரை அங்கேயே வாழ்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். ஒரு குடும்பத்தின் இழப்பில் தொடங்கியது அது.

நம்மால் ஆனதும் நிறைய இருக்கிறது. ரத்தம் கொடுக்கலாம், கீமோ வார்டில் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களுக்கு எப்போதும் தட்டுப்பாடு, அதற்கென்று தனியாகப் பெயர் கொடுத்து வையுங்கள். சென்னையில் 2009 முதல் இயங்கும் தாத்ரி என்ற குருத்தணுக் கொடையாளர் பதிவேட்டில் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தடவிக் கொடுத்துச் சேர்ந்தால், ரத்தப் புற்றுநோயாளி ஒருவருக்கு உங்கள் குருத்தணுக்கள், அதாவது புது ரத்த அணுக்களை உண்டாக்கும் மூல அணுக்கள், பொருந்தக்கூடும். பணம் கொடுப்பதானால் மருத்துவமனைக் கணக்குக்கே நேராக, நோயாளியின் பதிவு எண்ணோடு செலுத்துங்கள். கண்ணீர் வீடியோவை மட்டும் நம்பி முகம் தெரியாத கணக்குக்கு அனுப்பாதீர்கள்.

பக்கத்து வீட்டில் நோயாளி இருந்தால் "எதுனாலும் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வராதீர்கள், யாரும் சொல்ல மாட்டார்கள். எங்கள் எதிர்வீட்டு அக்கா எதையும் கேட்கவில்லை. ஏழு மாதமும் வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு தூக்குவாளி இட்லி மாவைத் திண்ணையில் வைத்துவிட்டு, போன வாரத்துக் காலி வாளியை எடுத்துக்கொண்டு போவார்.